நான் வெட்டிய ஐந்தாம் வரி

புதிய ஆசிரியர் குழுவாக உட்கார்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

பத்திரிகையை ஒப்படைத்த அன்றைக்கு ஒரு முகவரி நோட்டும், இரண்டு அட்டைப்பெட்டி பழைய இதழ்களும், அழுத்தினால் பாதிப் பின்னை மட்டும் துப்புகிற ஒரு ஸ்டேப்ளரும் கொடுத்தேன். "அப்படியே ஒங்க அனுபவத்தையும் எழுதிக் குடுத்திருங்க சார்" என்றீர்கள். அனுபவமும் அந்த ஸ்டேப்ளர் ரகம்தான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். அறந்தாங்கியில் மோட்டார் சைக்கிள் ஸ்பேர்ஸ் கடை வைத்திருப்பவன். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் கவிஞர். கவிஞர்களுக்கு நான் ஸ்பேர்ஸ் கடைக்காரர். இரண்டு பக்கமும் என்னை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டதால், நடுவில் நின்றபடியே பத்தொன்பது வருடம் ஒரு கவிதைப் பத்திரிகை நடத்திவிட்டேன். பக்கம் கட்டுவது, அச்சகம், தபால் இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு தவறைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருக்கும்.

மாவட்டத்துக் கவிஞர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'வால்வெட்டி'. உங்களுக்குத் தெரியாதது போல் நடிக்க வேண்டாம். எந்தக் கவிதை வந்தாலும் அதன் கடைசி வரியை வெட்டுவேன். நம் ஆட்கள் கவிதையை நன்றாகத்தான் கொண்டுபோவார்கள். முடிக்கும்போது மட்டும் வாசகன் மேல் நம்பிக்கை போய்விடும். வீட்டைக் காட்டிவிட்டுப் போகாமல், இது அடுப்படி, இது குளியலறை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வரியை எடுத்துவிட்டால் கவிதை சட்டென்று நிமிர்ந்து நிற்கும். பத்துக்கு எட்டு தடவை நான் செய்தது சரி. மிச்ச இரண்டைப் பற்றி அந்தக் கவிஞர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுவதை முன்கூட்டியே சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டை வரும். அச்சான பிறகும் சண்டை வரும், ஆனால் அப்போது அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் நிர்வாகத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கவிதையில் வருகிற 'நீ' யார் என்று கேட்பதில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் கவிதையைப் பாராட்டுகிற உற்சாகத்தில், "யாரு சார் இந்த நீ?" என்று கேட்டுவிட்டேன். காபி கொண்டுவந்த அவர் மனைவி டம்ளரோடு அங்கேயே நின்று, "நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். காபி எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து கேட்பதில்லை. எழுதியவர் பெயர், ஊர் தெரிந்தால் போதும், கவிதைக்குள் இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதை ஒரு பண்பாடாகவே ஆக்கிக்கொண்டேன். இந்த இரண்டு வழக்கமும் ஒரே கவிதையில் சேர்ந்ததுதான் வினை.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து செல்வராணி என்று ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தார். ஐஸ் பிளாண்டில் டோக்கன் போடுகிற வேலை. டோக்கன் சீட்டின் பின்பக்கம் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதற்கு முன் இரண்டு கவிதை போட்டிருந்தேன், இரண்டுக்கும் வால் வெட்டியிருந்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. போன வருடம் ஆடி மாதம் இதை அனுப்பினார்.

கடலுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கிறது.
வீட்டு நிலைப்படி மாதிரி
இருட்டிலும் உனக்கு அது தெரியும்.
அன்றைக்கு நீ தாண்டினாய்.
என்ஜின் நின்னுபோச்சு, காத்து இழுத்துக்கிட்டுப் போச்சு.

முதல் நான்கு வரியை வாசித்துவிட்டுக் கடையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். ஐந்தாவது வரி வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். நாள் முழுக்க என்ஜின் நின்றுபோன கதைகளைக் கேட்டுப் பிழைக்கிறவன் நான். கவிதையிலாவது அது வராமல் இருக்கக் கூடாதா? வெட்டினேன். 'அன்றைக்கு நீ தாண்டினாய்' என்று கவிதை முடிந்தது. அடடா என்று இருந்தது. கீழே 'செல்வராணி, ஜெகதாப்பட்டினம்' என்று போட்டு மூன்றாம் பக்கத்தில் தனியாக வைத்தேன்.

அவர் அதை அனுப்புவதற்குப் பத்து நாள் முன்னால் ஜெகதாப்பட்டினத்து விசைப்படகு ஒன்றையும் ஐந்து மீனவர்களையும் எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரையில் பிடித்து வைத்திருந்தார்கள். செய்தித்தாளில் வந்திருந்தது. நானும் பார்த்தேன். நம் கடற்கரையில் அடிக்கடி வருகிற செய்தி என்பதால், தலைப்போடு நிறுத்திக்கொண்டு பெயர்களை வாசிக்காமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் வெளியீட்டுக் கூட்டம். அங்கேயே நாற்பத்தொரு பிரதிகள் கொடுத்தோம். மிச்சம் எல்லாம் என் கடையில் டயர்களுக்கு நடுவில், தபாலுக்கு உறை போடாமல் கிடந்தது. திங்கட்கிழமை காலையில் மூன்றாம் பக்கத்தைப் படம் பிடித்து, 'இந்த இதழின் சிறந்த கவிதை, வாழ்த்துகள்' என்று செல்வராணிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன்.

"அண்ணே, கடைசி வரி எங்கண்ணே?"

"அதும்மா... கவிதைக்கு அது வேணாம்மா. நாலாவது வரியிலயே முடிஞ்சுபோச்சு."

"கவிதைக்கு வேணாம்ணே. அவருக்கு வேணும்."

"எவருக்கும்மா?"

பத்தொன்பது வருடத்தில் இரண்டாவது தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு கடையில் இருந்த ஸ்டூல் எங்கே என்று தேடினேன். பிடிபட்ட ஐந்து பேரில் ஒருவர், முருகானந்தம், அவர் கணவர். வியாழக்கிழமை அங்கே கோர்ட்டு. என்ஜின் பழுதாகிக் காற்று இழுத்துக்கொண்டு போனது, வேண்டுமென்று தாண்டவில்லை என்பதுதான் ஐந்து பேருக்காகவும் வக்கீல் சொல்லப்போகிற ஒரே வாதம்.

"இங்கிட்டு மட்டுமா தமிழ் படிக்கிறாங்க? அங்கிட்டும் தமிழ் படிக்கிறாங்கண்ணே. கோடு எங்கன்னு அவனுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் தாண்டுனான்னு பொண்டாட்டியே எழுதிப் பேர் போட்டிருக்கான்னு ஒருத்தர் எடுத்துக் காட்டுனா நான் என்ன செய்ய?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். "வியாழக்கெழமைக்குள்ள அத ஒண்ணுமில்லாம ஆக்கிக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முதலில் எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? முகநூலில் ஒரு விளக்கம் எழுதுவது. 'படைப்பாளியின் அனுமதியின்றி ஆசிரியர் மேற்கொண்ட திருத்தத்தால்' என்று இரண்டு பத்தி அடித்தும்விட்டேன். என் மனைவி கலா தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"ஏங்க, நாப்பத்தொரு பேருகிட்ட இருக்கறத ஊருக்கே சொல்லப் போறீங்களா?"

"நம்ம தப்ப நாம ஒத்துக்கணும்ல?"

"ஒத்துக்குங்க. மொதல்ல போயி அத வாங்கிட்டு வாங்க. ஒங்க பத்திரிகைய யாரும் இன்னும் பிரிச்சிருக்க மாட்டாங்க."

சாதாரண நாளில் அந்தப் பேச்சுக்கு இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அது தெய்வ வாக்காக இருந்தது. விளக்கத்தை அழித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த ஒன்றரை நாளில் நான் தெரிந்துகொண்டதை நீங்கள் உங்கள் பதவிக்காலம் முழுக்கத் தெரிந்துகொள்ளாமல் இருக்க வாழ்த்துகிறேன். புதுக்கோட்டையில் ஒரு பேராசிரியர் வீட்டில் நம் இதழ், கூட்டத்தில் கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தோடு அதே துணிப்பையில் இருந்தது. பிஸ்கட்டைப் பிரித்திருந்தார். கீரனூர்க்காரர் ஒருவர், "அட்டைக்கு அட்டை வாசிச்சிட்டேன் சார், என்னா கனம்!" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பக்கங்கள் அச்சக மையோடு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். மனதுக்குள் அவர் காலில் விழுந்தேன். வாசிக்காதவனை ஆசிரியர் கும்பிட்ட ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

திருவரங்குளத்தில் ஒரு கவிஞர் மட்டும் தகராறு செய்தார். இதழில் அவர் கவிதை இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் விரிந்து மலர்ந்து, ஓரம் அழுக்காகியிருந்தது.

"அச்சுப்பிழைங்க. வேற பிரதி தாரேன், இதக் குடுங்க" என்றேன்.

"என் கவிதையில பிழையா?"

"இல்லைங்க, மூணாம் பக்கத்துல."

"மூணாம் பக்கத்துல யாரு இருக்கா?"

"நீங்க பாக்கலியா?"

"நான் எதுக்குப் பாக்குறேன்? என் கவிதை பதினொண்ணாம் பக்கத்துல. அதுலயும் வால வெட்டிப்புட்டீங்க. அதுக்கு நான் வண்டி எடுத்துக்கிட்டு வந்தேனா?"

கடைசியில், அவருடைய வெட்டிய வரியை அடுத்த இதழில் சேர்த்து மறுபடியும் போடுவதாகச் சத்தியம் செய்து பிரதியை மீட்டேன். போட்டேன். மகா மோசமான வரி. ஆனால் சத்தியம் சத்தியம்தான்.

செவ்வாய் மத்தியானம் கலா கடையில் உட்கார்ந்து எண்ணினாள். நாற்பது. ஒன்று குறைந்தது. முகவரி நோட்டைப் புரட்டினோம். ஆவுடையார்கோவிலில் இருக்கும் நிருபர் மாணிக்கம். ஒரு நாளிதழுக்கு அந்தப் பகுதிச் செய்தி கொடுப்பவர். போன் போட்டேன்.

"சார், நானே கூப்புடணும்னு இருந்தேன்" என்றார். "மூணாம் பக்கத்துக் கவிதை! வாசிச்சிட்டு மறுபடியும் ரெண்டு தடவ வாசிச்சேன் சார். அந்தப் பொண்ணு யாருன்னு பாத்தா புடிபட்டவரு சம்சாரம். பாக்ஸ் கட்டிப் போடச் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு வருது."

பத்தொன்பது வருடமாக நான் காத்திருந்த வாசகர். என் பத்திரிகையை வாங்கிய இரண்டாம் நாளே பிரித்து, கவிதையை மூன்று தடவை வாசித்து, அதை ஆயிரக்கணக்கான பேருக்குக் கொண்டுபோகப் போகிற உத்தமர். அவர் அனுப்பியது ஆபீசில் யார் கண்ணிலும் படாமல் கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒரு நிமிசம் மாணிக்கம், திரும்பக் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டு கலாவிடம், "போடாதீங்கன்னு சொல்லிரப் போறேன்" என்றேன்.

"அந்தப் புள்ளகிட்டக் கேட்டீங்களா?"

"அவளை வேற எதுக்குப் பதற வைக்கணும்?"

"மறுபடியும் அவகிட்டக் கேக்காமத்தான் முடிவு பண்றீங்க" என்றாள் கலா. அடிக்கிற மாதிரிகூடச் சொல்லவில்லை. பில் புக்கை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆசிரியர் வேலையில் அவசரம் வரும்போதெல்லாம் நமக்குத்தான் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு வரும். தவறு செய்தபோது எனக்கு இருந்த அதே நினைப்புதான் அந்தத் தவறைச் சரிசெய்யும்போதும் இருந்தது. வெட்டினதையும் கேட்காமல் வெட்டினேன். ஒட்டினாலும் கேட்காமல் ஒட்டத்தான் பார்த்தேன்.

செல்வராணியைக் கூப்பிட்டேன். சொன்னேன். பின்னால் ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் சொன்னார்: "போட வேணாம்னா, ஏன் வேணாங்கிறாங்கன்னு கேப்பாருல்ல? கேட்டா அதுவே ஒரு சேதிண்ணே."

"ஆமாம்மா."

"போடச் சொல்லுங்க. முழுசாப் போடச் சொல்லுங்க. அஞ்சு வரியும். என்ஜின் வரி இருந்தா நல்லதுதான, நாலு பேரு படிக்கட்டும்."

"சரிம்மா."

"நான் எழுதாம விட்ட மாதிரி ஆயிரக் கூடாதுண்ணே. நீங்க வெட்டுனதுன்னு அவர்கிட்டச் சொல்லிருங்க."

அதுதான் எனக்குக் கசந்த இடம். மாணிக்கத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ன சார் நீங்க, வாதத்தையே வெட்டிட்டீங்களே! நாங்ககூட எடம் இல்லைன்னாத்தான் வெட்டுவோம்."

"தெரியும் மாணிக்கம்."

"எதுக்கு சார் வெட்டுனீங்க?"

"அழகா இருக்கும்னு."

"சரி சார், அஞ்சாவது வரிய அனுப்புங்க. பக்கம் போறதுக்குள்ள சொல்லிப் பாக்குறேன். ஒறுதி சொல்ல மாட்டேன்."

டோக்கன் சீட்டின் படத்தையே அனுப்பினேன். நானே தட்டச்சு செய்ய எனக்குப் பயமாக இருந்தது. என் விரலை நான் நம்பவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டுப் பிரிக்கிற இடத்தில் நின்றேன். ஏஜெண்ட், "என்ன கவிஞரே, ஏதும் எறப்புச் செய்தியா?" என்றார். வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி. வரிகளை விரல் வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. 'என்ஜின் நின்னுபோச்சு, காத்து இழுத்துக்கிட்டுப் போச்சு.' ஐந்து. அதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு கவிதையை விளக்கிக் கெடுக்கிற வரியைப் பார்த்து என் கண் நிறைந்தது அன்றைக்குத்தான். ஏஜெண்ட் பயந்துபோய், "யாருங்க போயிட்டாங்க?" என்றார். "யாரும் போகலைங்க" என்று சொல்லி ஆறு பிரதி வாங்கினேன்.

வியாழக்கிழமை நான் கடையில் செய்த வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. பிரேக் ஷூ கேட்டவருக்குக் கிளட்ச் கேபிள் கொடுத்து அனுப்பினேன். மூன்றரை மணிக்கு செல்வராணி கூப்பிட்டார்.

"விட்டுட்டாங்கண்ணே. அஞ்சு பேரையும்."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். எச்சரித்து விட்டிருக்கிறார்கள். என்ஜினை அங்கே ஆள் வைத்துப் பார்த்தார்களாம், பழுது என்று உறுதியானதாம். படகு வரவில்லை, அது தனி வழக்கு. கவிதையால் அவர்கள் வெளியே வரவில்லை. என் நான்கு வரியால் அவர்கள் உள்ளே இருந்துவிடவும் இல்லை. எனக்கு அது போதும். டயர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு, யாரும் பார்க்காத மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அடுத்த இதழில் கவிதையை முழுதாக, மன்னிப்போடு போட்டேன். அதற்குப் பிறகும் வெட்டினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் போன் செய்து கேட்டேன். "இந்த வரி யாருக்கும் வேணுமா?" என்பதுதான் கேள்வி. பாதிப் பேர் சண்டை போட்டார்கள். சண்டை போட்டவர்களின் வரி அப்படியே அச்சானது. பத்திரிகையின் தரம் கொஞ்சம் குறைந்தது என்றுதான் நினைக்கிறேன். நான் நன்றாகத் தூங்கினேன்.

முருகானந்தம் ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கலாவும் நானும் ஜெகதாப்பட்டினம் போனோம். வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவரோடு பிடிபட்ட இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அடி வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். முருகானந்தம் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க, நீங்கதானா அது? என்னைய 'நீ'ன்னு எழுதியிருக்கா பாத்தீங்களா? பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்றார். அவருக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

செல்வராணி அடுப்படியிலிருந்து, "கடலுக்குள்ள போனா நீதான். கரைக்கு வந்தா நீங்க" என்றார்.

"முழுசா ஒருக்கா வாசிங்கண்ணே, கேப்போம்" என்றார் கூட இருந்தவர். பையிலிருந்து டோக்கன் சீட்டை எடுத்து வாசித்தேன். அடுத்த இதழில் வரி பிசகாமல் இருக்க அசல் சீட்டையே செல்வராணியிடம் கேட்டு வாங்கியிருந்தேன், அன்றைக்குத் திருப்பிக் கொடுக்க எடுத்துப்போயிருந்தேன். ஐந்தாவது வரி முடிந்ததும் முருகானந்தம் தலையை ஆட்டினார்.

"என்ஜின் சும்மா நிக்கல. மூணு தடவ அடிச்சுப் பாத்தோம். அதையும் போடுங்க."

பேனாவை எடுத்து ஐந்தாம் வரிக்குக் கீழே எழுதினேன்.

"நங்கூரம் போட்டோம்ல? புடிக்கல. அத விட்டுட்ட" என்றார் இன்னொருவர். எழுதினேன்.

"ஆடிக் காத்து. வெறும் காத்துன்னா எந்தக் காத்துன்னு கேப்பான்."

எழுதினேன்.

"வெள்ளத் துணிய ஆட்டுனது இவன்தான்."

"வெள்ளத் துணி எங்கடா? அது என் கைலி!"

"அங்க போட்ட சோத்துல மட்டும் கொற சொல்லக் கூடாது. நெசமாச் சொல்றேன், அதையும் எழுதிக்கங்கண்ணே."

மூன்று பேரும் சிரித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் பேசினார்கள். நான் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். டோக்கன் சீட்டில் இடம் தீர்ந்து ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது செல்வராணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "குடுங்கண்ணே" என்று சீட்டையும் பேனாவையும் வாங்கினார். ஐந்தாம் வரிக்குக் கீழே இருந்தது எல்லாவற்றையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தார்.

"கவிதை இம்புட்டுத்தான். மிச்சத்தச் சோறு திங்கையில பேசுங்க. எல போடப் போறேன், கையக் கழுவிட்டு வாங்க."